சுண்டுவிரலுக்கு ஒரு எழுத்து

எங்கள் வீட்டுக்கு வாசல் கிடையாது. கடைக்குத்தான் வாசல் உண்டு. மாடியில் குடியிருக்கிற நாங்கள் எல்லோரும் இறங்கினால் கடைக்குள்தான் இறங்க வேண்டும். ஏறினால் கடைக்குள்ளிருந்துதான் ஏற வேண்டும். கடைசிப் படி முடிகிற இடத்தில் மாமனாரின் நாற்காலி. ஒரு பால் பாக்கெட் வாங்கப் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். "எங்க கிளம்பிட்டே?" என்று மாமா கேட்பார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்பார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் பாதி ஆயுசு போயிற்று.

கடையில் மனு, பத்திரம், ஆய்வேடு, பாட்டுப் புத்தகம் என்று எது வந்தாலும் தமிழில் தட்டி, அச்செடுத்து, தைத்து, அட்டை போட்டுக் கொடுப்போம். தட்டுவது நானும் மாமாவும். அச்செடுப்பதும் தைப்பதும் என் வீட்டுக்காரர். தேநீர் போடுவதும், வாடிக்கையாளர்களின் குடும்பக் கதையைக் கேட்பதும் அத்தை. என் மகள், எல்லோருக்கும் குட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காகிதக் குப்பையில் உட்கார்ந்து படம் வரைவாள்.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் கீபோர்டில் மேலே அச்சாகியிருப்பது ஆங்கில எழுத்து. அதன் அடியில் எந்தத் தமிழ் எழுத்து ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது உள்ளே போட்டிருக்கிற மென்பொருளைப் பொறுத்தது. பழைய டைப்ரைட்டர் மாதிரி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக வரவழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அரசாங்கம் தனியாக ஒன்றை வைத்திருக்கிறது. வேலை, பரீட்சை எல்லாம் அதில்தான். எங்கள் கடையில் இருந்தது இதில் எதுவும் இல்லை. அது மாமா கீபோர்டு. உலகத்திலேயே எங்கள் கடையில் மட்டும்தான் அது இருந்தது.

மாமாவின் இடது சுண்டுவிரல் மடங்காது. வாலிபத்தில் காகிதம் வெட்டுகிற மிஷினில் நரம்பு அறுந்து, அன்றிலிருந்து குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே நிற்கிறது. அதனால் கம்ப்யூட்டர் வந்த காலத்தில், தெரிந்த நண்பர் ஒருவரைப் பிடித்து, அந்த விரலுக்கு வேலையே இல்லாதபடி ஒரு கீபோர்டு எழுதி வாங்கிக்கொண்டார். இடது ஓரத்து விசைகளில் எழுத்தே கிடையாது. அழுத்தினால் ஒன்றும் வராது. அங்கே இருக்க வேண்டிய எழுத்தெல்லாம் மற்ற விரல்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. கெட்டிக்காரத்தனம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் தட்டுகிற வேகத்தைப் பார்த்தால் அந்த விரல் ஒரு குறை என்றே தோன்றாது.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தட்டச்சு தெரியாது. சும்மா மாடியில் உட்கார்ந்திருப்பதற்குக் கீழே வந்து கற்றுக்கொள் என்றார் மாமா. முதல் நாள் பைண்டிங் நூலை எடுத்து, என் இடது சுண்டுவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினார். கடையில் யார் கற்றுக்கொள்ள வந்தாலும் இந்தச் சடங்கு உண்டு. என் வீட்டுக்காரருக்கும் மீசை முளைக்காத வயதில் கட்டியிருக்கிறார்.

"இது சும்மா இருக்கற விரல்மா. அவிழ்த்து விட்டா கண்ட இடத்துல போய் அழுத்தும். கை பழகினதும் நூல் தானா விழுந்துடும்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புது மருமகள் வேறென்ன செய்வாள். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அந்த நூல் இருந்தது. நைந்து நைந்து ஒருநாள் அதுவாக விழுந்தது. அன்றைக்கு மாமா கடையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் நான் அவரையே வேகத்தில் தாண்டிவிட்டேன். வக்கீல்கள் எனக்கு மின்னல் என்று பேர் வைத்தார்கள். பக்கத்துத் தெருக் கடைக்காரன் ஒருதடவை என்னை வேலைக்குக் கேட்டபோது மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "கூட்டிட்டுப் போய்யா, தாராளமா. இவ பருப்பு எங்க கடையைத் தவிர வேற எங்கயும் வேகாது" என்றார். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதைச் சொல்வார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். எனக்கு அதைக் கேட்கப் பெருமையாகக்கூட இருந்தது, என் புத்தியை எதால் அடிப்பது.

ஒருநாள் ஒரு பையன் வேலைக்கு விண்ணப்பம் தட்ட வந்தான். அரசு அச்சகத்தில் தட்டச்சர் வேலை, வேறு ஊரில். அவன் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டே வந்தேன். அடியில் ஒரு வரி: குடியிருப்பு உண்டு, இரண்டு அறை, சமையலறை, தனி வாசல்.

தனி வாசல் என்று தட்டும்போது என் கை நின்றுவிட்டது. நினைவு தெரிந்து என் கை அப்படி நின்றதில்லை. ஒரு கதவு. திறந்தால் தெரு. யாரும் எங்கே என்று கேட்காத ஒரு தெரு. எனக்கு அது வேண்டும் என்று தோன்றிய மாத்திரத்தில், அது இல்லாமல் இனி ஒருநாள்கூட முடியாது என்றும் தோன்றிவிட்டது. அவனுக்கு ஒன்று தட்டினேன். அவன் போனதும் எனக்கு ஒன்று தட்டினேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்தபடியே "பாக்கலாம்" என்றார். அவருக்கு எல்லாமே பாக்கலாம்தான். எங்கள் கல்யாணத்துக்கே பாக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார், யாரோ சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நல்ல மனுஷன். ஆனால் அப்பா இருமினால் இவருக்குத் தும்மல் வரும்.

மாமாவிடம் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் போனேன். பயமே இல்லை. மின்னலுக்கு என்ன பயம். கூடத்தில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பழகுவதைப் பார்த்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். மணி அடித்தது. தாளைப் பார்த்துப் பிசகில்லாமல் தட்டினேன். ஒரு பக்கம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால், திரையில் இருந்தது தமிழே இல்லை. தமிழ் எழுத்துதான், ஆனால் குழந்தை கொட்டிக் கலைத்த மாதிரி. மெய்யும் உயிரும் கன்னாபின்னாவென்று கிடந்தன.

கீபோர்டு வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதைப் போய் ஒரு பெரிய விஷயமாக நான் நினைக்கவே இல்லை. வேறு அடுப்பில் சமைப்பது போல என்று நினைத்துவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். ஒவ்வொரு விசையாகக் குத்தித் தேடினேன். 'அ' கிடைக்கவில்லை. 'ஆ' கிடைக்கவில்லை. 'ஆ' இல்லாமல் மா இல்லை, வா இல்லை, நான் என்று தட்டக்கூட வழியில்லை. மேற்பார்வைக்கு நின்ற அம்மா பாவம் பார்த்து என் காதருகே குனிந்தார். இடது ஓரத்தில் இருக்கிறது, சுண்டுவிரலால் அழுத்துங்கள் என்றார்.

சுண்டுவிரல் வரவில்லை. மடக்கப் பார்க்கிறேன், மடங்கவில்லை. மற்ற விரல்களெல்லாம் விசைமேல் குனிந்திருக்க அது மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

"விரல்ல அடிபட்டிருக்காம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். எனக்கு அடிபடவே இல்லை. அது என் விரலும் இல்லை. மாமாவின் விரல் என் கையில் நின்றுகொண்டிருந்தது. அவமானத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகமாக வந்தது. தாளை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த அம்மா எழுத்துகளின் இடம் போட்ட ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து, அடுத்த தேர்வு வரும், பழகிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால் கடையில் புது வாடிக்கையாளர் ஒருவர். மாமா என்னைக் காட்டி, இதுதான் எங்க மின்னல், இவ பருப்பு வேற எங்கயும் வேகாது என்றார். அந்த ஆள் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. படியேறி மாடிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கடையில் தூக்கிப்போட்ட பழைய கீபோர்டு ஒன்று மாடிப் பரணில் கிடந்தது. அதைத் துடைத்து, சமையலறை மேடையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எதிலும் மாட்டாத, உயிரில்லாத கீபோர்டு. பால் காய்வதற்குள், குழம்பு கொதிப்பதற்குள், அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தட்டிப் பழகினேன். முதலில் சுண்டுவிரலுக்கு மட்டும். அ, ஆ. அ, ஆ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. விரல் மடங்க மறுத்தது. வலது கையால் பிடித்து மடக்கினேன். வலி முழங்கைவரை ஏறியது.

கீழே சத்தம் கேட்டிருக்கிறது. மேலே எலி ஓடுகிறது என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். எங்கிருந்தோ ஒரு எலிப்பொறியை வாங்கி வந்து சமையலறை மூலையில் வைத்தார். தினமும் அதில் ஒரு தேங்காய்த் துண்டு மாட்டுவார். தினமும் காலையில் எலி விழவில்லையே என்று அலுத்துக்கொள்வார். குட்டிக்கு மட்டும் எலி யார் என்று தெரியும். "எலியம்மா, பாட்டி வர்றாங்க" என்று மாடிப்படியில் நின்று காவல் காப்பாள். சிரிப்பாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே பொறியைப் பார்ப்பேன், சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

விரல் மெல்ல மெல்ல இறங்கியது. ஆனால் வேறொரு வினை வந்து சேர்ந்தது. மாடியில் ஒரு கீபோர்டு, கீழே ஒரு கீபோர்டு. ஒரே கைக்குள் இரண்டும் குடித்தனம் நடத்த மாட்டேன் என்றன. கீழே உட்கார்ந்தால் கை மேலே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். வேகம் போயிற்று. மின்னலுக்கு என்ன, உடம்பு சரியில்லையா என்று கேட்க ஆரம்பித்தார்கள். புதியது இன்னும் வரவில்லை, பழையது போய்க்கொண்டிருந்தது. இரண்டும் இல்லாமல் நடுவில் தொங்கிவிடுவேனோ என்று பயந்தேன்.

ஒருநாள் வக்கீல் ஒருவரின் மனுவைத் தட்டிக்கொண்டிருந்தேன். மனது எங்கேயோ இருந்தது. அச்செடுத்த தாளை அவர் வாங்கிப் பார்த்து, கடை நடுவே நின்று சத்தமாக வாசித்தார். முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கத்தில் பாதியிலிருந்து வெறும் உளறல். "என் கட்சிக்காரருக்குப் பைத்தியம்னு நீதிபதி விடுதலை பண்ணிடுவார் போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த உளறலை வரி வரியாக விரலால் தடவிப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. வாசிக்கிறார். அவரால் அதை வாசிக்க முடிகிறது.

என்னை நிமிர்ந்து பார்த்தார். வக்கீலிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைத் தானே உட்கார்ந்து தட்டிக் கொடுத்தார்.

வாடிக்கையாளர்கள் போனபிறகு என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"இது தப்பு இல்லம்மா. கை வேற கீபோர்டுல ஓடியிருக்கு. அரசாங்க கீபோர்டு" என்றார். "எந்தப் பரீட்சைக்கு?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தனி வாசலை மட்டும் சொல்லவில்லை. அவர் கட்டிய வீட்டில் வாசல் இல்லை என்று அவரிடமே எப்படிச் சொல்வது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். அவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"நானும் ஒரு காலத்துல அந்தக் கூடத்துல போய் உக்காந்தவன்தான். விரலைப் பார்த்துட்டு, நொண்டிக் கைக்கெல்லாம் வேலை இல்லன்னு எழுப்பி விட்டாங்க. எல்லாரும் பார்த்தாங்க. அன்னிக்கு நெனச்சேன், என் கையை யாரும் பார்த்துச் சிரிக்காத ஒரு இடம் வேணும், அங்க எல்லார் கையும் என் கை மாதிரியே இருக்கணும்னு."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. அதுதான் வந்த ஆபத்து. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி கரைந்துவிட்டது. கோபம் போய்விட்டால் நான் எதை வைத்துக்கொண்டு படி இறங்குவேன்?

"நீ எங்கயும் போக வேணாம். இனிமே இந்த நாற்காலி உனக்கு. கடையே உனக்கு. என் மகனை நம்பி நான் எதையும் விட முடியாது, அது உனக்கே தெரியும். உன் கைலதான் இந்தக் கீபோர்டு உயிரோட இருக்கும்" என்றார்.

மறுநாளே செய்தி பரவிவிட்டது. அத்தை என் தலையைத் தடவி, கொடுத்துவைத்தவள் என்றார். நாத்தனார் போன் போட்டு, பெற்ற பெண் எனக்குக்கூட இல்லாத உரிமை உனக்கு வந்திருக்கிறது, இனியாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்றாள். வக்கீல்கள் முதலாளியம்மா என்றார்கள். தெருவில் தேநீர்க்கடைக்காரர்கூட வாழ்த்தினார். ஒருத்தருக்காவது, ஒரே ஒருத்தருக்காவது, எனக்கு அந்த நாற்காலி வேண்டாமே என்று தோன்றவில்லை. படியின் அடியில் உட்கார்ந்து, ஏறி இறங்குகிறவர்களை எங்கே என்று கேட்கிற நாற்காலி அது. நாளைக்குக் குட்டி இறங்கி வருவாள், நான் சிரித்துக்கொண்டே கேட்பேன்.

யோசிக்கிறேன் மாமா என்று சொல்லி வைத்தேன். சமையலறையில் தட்டுவதை நிறுத்தவில்லை. இப்போது எலிச் சத்தம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். மாமாவும் தடுக்கவில்லை. அவருக்குத் தன் கீபோர்டின்மேல் அவ்வளவு நம்பிக்கை. போய்விட்டு எப்படியும் திரும்பி வருவாள் என்று அத்தையிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அத்தை மட்டும் ஏனோ பொறியை எடுக்காமலே விட்டுவிட்டார்.

தேர்வு நாள் வந்தது. புடவையைச் சரிசெய்துகொண்டு படி இறங்கினேன்.

"எங்க கிளம்பிட்டே?"

"பரீட்சைக்கு மாமா."

அந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு நான் நினைத்ததை நினைத்தபடி சொன்னது அன்றைக்குத்தான். அவர் நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டார். குட்டி காகிதக் குப்பையிலிருந்து கையை ஆட்டினாள்.

கூடத்தில் அதே அம்மா இருந்தார். என்னை ஞாபகம் வைத்திருந்தார். விரல் சரியாகிவிட்டதா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். சொன்னபிறகுதான் அது என் வீட்டுக்காரரின் சொல் என்று உறைத்தது.

மணி அடித்தது. மெதுவாகத் தட்டினேன். மின்னலெல்லாம் இல்லை. நடக்கப் பழகுகிற குழந்தை மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்தேன். நடுவில் ஒருதடவை கை மாமா கடைக்குப் போய்விட்டது. ஒரு சொல் முழுக்க உளறலாக வந்தது. அழித்தேன். சுண்டுவிரலை வைத்தேன். ஆ வந்தது. வா வந்தது. நான் வந்தது. அந்த விரல் அழுத்த அழுத்த எழுத்து வருவதைப் பார்க்கையில், இத்தனை வருஷம் இதை ஏன் கட்டிப் போட்டிருந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பக்கத்துப் பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலமே பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். கடைசியிலிருந்து பார்த்தால் சீக்கிரம் கிடைக்கும் இடத்தில் என் எண் இருந்தது. தேர்ச்சி. வேலை உண்டு, வீடு உண்டு. சேர வேண்டிய தேதியை அந்த அம்மா சொன்னார். வழிநெடுக அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது, குட்டியைத் தூக்கிச் சுற்றுவதா, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்று ஒரே கலவரம், ஒரே சந்தோஷம்.

கடைக்குள் நுழைந்தேன். என் இடத்தில் குட்டி உட்கார்ந்திருந்தாள். கால் தரையைத் தொடவில்லை. அடியில் தலையணை போட்டு உயர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் மாமா. அத்தை தேநீர்த் தட்டோடு நின்று ரசித்துக்கொண்டிருந்தார். மூலையில் என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இங்க பாரு" என்று குட்டி இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

சுண்டுவிரல் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வெள்ளை பைண்டிங் நூல். முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு.

மாமா என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "தேறிட்டியா? சந்தோஷம்மா. மனசாரச் சொல்றேன், போய் நல்லா இரு" என்றார். பிறகு குட்டியின் தலையில் கை வைத்தார். "கடைக்கு ஒரு கை வேணுமில்ல. இவளா வந்து கேட்டா, கட்டி விடுங்க தாத்தான்னு. உன்னைவிட வேகமா வருவா பாரு. எங்க போனாலும் லீவுக்கு லீவு இங்க வந்துடுவா."

அவர் பொய் சொல்லவில்லை. குட்டியே கேட்டிருப்பாள். நான் சிரித்த மாதிரியே சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்த விரலை நீட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிற கிழவரின் முகத்தில் துளி விஷமம் இல்லை, பாசம்தான் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

நான் மண்டிபோட்டு உட்கார்ந்து குட்டியின் கையைப் பிடித்தேன். முடிச்சில் நகத்தை வைத்தேன். அவள் கையை வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அவிழ்க்கக் கூடாது. தானா விழணும். விழுந்தா தாத்தா மிட்டாய் தருவார்."

"விடும்மா, குழந்தைதானே, ஒரு விளையாட்டு" என்றார் அத்தை.

அப்போது மூலையில் ஸ்டூல் நகர்ந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். பாக்கலாம் என்று சொல்லப்போகிறார், சொன்னால் இங்கேயே விழுந்து செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அவர் நூல் வெட்டுகிற கத்தரிக்கோலை என் முன்னால் தரையில் வைத்தார். வைத்த இடது கையின் சுண்டுவிரல் நீட்டிக்கொண்டு நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போய் மாடிப்படி ஏறினார். மேலே பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

மாமாவுக்கும் கேட்டது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் குட்டியிடம் கையை நீட்டினேன். இழுக்கவில்லை. காத்திருந்தேன். அவள் அழுகையும் முறைப்புமாக, கடைசியில் கையைக் கொடுத்தாள். நூலை வெட்டினேன். விரலில் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. நூல் போனபிறகும் சுண்டுவிரல் பக்கத்து விரலோடு ஒட்டிக்கொண்டேதான் இருந்தது. அரை நாளில் அது பழகிவிட்டது. அதை மெல்லப் பிரித்து, கீபோர்டின் இடது ஓரத்து விசையின்மேல் வைத்தேன்.

"அழுத்து."

அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். திரை வெறுமையாக இருந்தது.

"இங்க ஒண்ணுமே இல்லையே அம்மா."

"இங்க இல்ல. நாம போற எடத்துல அதுல 'அ' இருக்கு" என்றேன்.

குட்டி நம்பாமல் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆமா, அங்கதான் இருக்கு" என்றார்.